முந்நூற்று நாற்பது பொட்டு

ஹலோ... அண்ணா? ... நான்தான். பாத்தியா? ... என்னத்தையா? பெட்டியை! காயின் பெட்டியை! ... ஆமா, ஆமா, காலையில எட்டு மணிக்கு அண்ணி கையில குடுத்துட்டு வந்தேனே, அதேதான்.

... திறக்கவே இல்லையா? மணி பதினொண்ணு ஆகுது! ஒன்பதுலேருந்து போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்போ கூப்பிடுவே, 'பிரமாதம்டா'ன்னு சொல்லுவே, நான் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு வெக்கப்படலாம்னு... குளிக்கக்கூடப் போகல. பாராட்டு வர்ற நேரத்துல தலையில சோப்பு இருக்கக் கூடாதில்ல. ... சிரிக்காதே.

... அண்ணி தையல் ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்களா? எதுக்கு? ... கதவையும் சாத்திக்கிட்டாங்களா? ... சரி விடு. சம்பந்தி வர்ற நாளு, பெட்டிக்கு ஏதாவது துணி கிணி தைக்கிறாங்களோ என்னவோ. நாலு மணிக்குத்தானே வர்றாரு? ... ம். உன் பொண்ணு போய் வாழப்போற வீட்டு மனுஷன். முதல் தடவையா நம்மகூட சீட்டாட உக்காரப்போறாரு. அவர் கையில அந்த அழுக்குக் காயினைக் குடுத்திருந்தா என்ன நினைச்சிருப்பாரு? உன் தம்பி உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கான். எழுதி வச்சுக்கோ.

... இல்ல, சொல்லித்தான் ஆகணும். நீ பெட்டியைத் திறந்து பாத்திருந்தா நான் சொல்ல வேண்டியதே இல்ல. பாக்கல. அப்போ கேட்டுத்தான் ஆகணும். அஞ்சே நிமிஷம். ... சரி, பத்து.

முதல்ல, அது வெறும் பிளாஸ்டிக் இல்ல. களிமண் கலந்து அழுத்திச் செஞ்சது, சீட்டுல காசுக்குப் பதிலா வைக்கிற போக்கர் காயின்... தெரியும், தெரியும், அந்தச் சீட்டாட்ட கிளப்பை அவங்க மூடினப்போ நீதான் வாங்கிட்டு வந்தே. ஆனா அதை எப்படிப் பாத்துக்கணும்னு உனக்குத் தெரியுமா? ... தெரியாது. எனக்கும் தெரியாது, போன ஞாயித்துக்கிழமை வரைக்கும். இப்போ கேளு! வேலையை விட்டுட்டு வகுப்பே எடுக்கலாம் நான். ஒருத்தனும் வரமாட்டான், அது வேற விஷயம்.

களிமண்ணு குடிக்கும் அண்ணா. இருபது வருஷமா நம்ம விரல்ல இருக்குற வேர்வை, பிசுக்கு, பிஸ்கட் தூள், எல்லாத்தையும் குடிச்சு வச்சிருக்கு. அதுக்காக ஊற வைக்கவும் கூடாது. வெந்நீரும் ஆகாது, வளைஞ்சு போயிடும். வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டே சொட்டு, மெத்துன்னு ஒரு பல் பிரஷ். ஒவ்வொண்ணா. முந்நூறையும் ஒவ்வொண்ணா! தேய்ச்ச கையோட துடைக்கணும், துண்டு மேல பரப்பிக் காய விடணும்...

... ஏய், இரு, அண்ணன்கூடப் பேசிட்டிருக்கேன். ... இல்ல, உன்கிட்ட இல்லண்ணா, இவகிட்ட. சாப்பாட்டு மேசை மேல இருக்குற துண்டையெல்லாம் எப்போ எடுக்கப்போறேன்னு கேக்குறா. ஒரு வாரமா எங்க வீட்டுல எல்லாரும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறோம். மேசை முழுக்க உன் காயின். புதன்கிழமை ஒரு வெள்ளைக் காயினை பிஸ்கட்டுன்னு நினைச்சு டீயில முக்கிட்டா. ... கடிக்கல, கடிக்கல. முக்கினதோட சரி. ஆனா அன்னையிலேருந்து என்கூட அளந்துதான் பேசுறா.

... ஒண்ணை மட்டும் உன்கிட்ட மறைக்க மாட்டேன். எங்க கண்ணாடிக் கடையில ஒரு மெஷின் இருக்கில்ல, மூக்குக் கண்ணாடியை உள்ள போட்டா தண்ணி அதிர்ந்து அழுக்கைக் கக்க வைக்குமே... ஆமா, அதுல ஒரே ஒரு வெள்ளைக் காயினைப் போட்டுப் பாத்தேன். முதலாளி வெளியில போயிருந்தாரு. ரெண்டே நிமிஷம். நடுவுல ஒட்டியிருக்குற வட்டப் படம் இருக்கில்ல, அது தனியாக் கழண்டு மேல மிதந்து வந்துடுச்சு, செத்த மீன் மாதிரி. ... கோவப்படாதே. திரும்ப ஒட்டிட்டேன். ... தலைகீழா ஒட்டிட்டேன். ... ஒண்ணுதான்! முந்நூறுல ஒண்ணு! ஆராய்ச்சின்னு வந்துட்டா ஒரு உயிராவது போகத்தான் செய்யும்.

அப்புறம் எண்ணெய். ... ஆமா, எண்ணெய். கழுவினா வெளுத்துப் போன மாதிரி ஆயிடும், எண்ணெய் தடவினாத்தான் உயிர் வரும். ஆனா சமையல் எண்ணெய் ஆகாது, சிக்கு வாடை வந்துடும். மினரல் ஆயில்தான் வேணும். அது எங்க கிடைக்கும்? மருந்துக்கடையில. எதுக்கு விக்கிறாங்க? மலச்சிக்கலுக்கு. நான் போய், 'ரெண்டு பெரிய பாட்டில் குடுங்க'ன்னேன். அந்தம்மா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, 'எத்தனை நாளா?'ன்னு கேட்டாங்க. நான் காயின் நினைப்புலயே, 'இருபது வருஷமா'ன்னேன். ... சிரி, நல்லாச் சிரி. எனக்குப் பக்கத்துல நின்ன ரெண்டு பேரு ஒதுங்கி வழி விட்டாங்க அண்ணா. ஒருத்தர் என் தோளைத் தட்டிட்டுப் போனாரு.

... ஆமா, அந்த எண்ணெய்தான். லென்ஸ் துடைக்கிற துணியில ஒரு சொட்டு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஓரம். ஒரு நாள் விட்டுட்டுத் திரும்பவும் துடைக்கணும், இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ... கலர் எழும்பி வந்துச்சு பாரு! அந்தச் சிவப்பு, அது சிவப்புன்னே நமக்கு மறந்துபோச்சு அண்ணா, ஏதோ துருப்பிடிச்ச மாதிரி கிடந்துச்சு. இப்போ பாரு. நீலம், அப்படியே... கருப்பு, உன் மூஞ்சி தெரியும் அதுல. பெட்டியைத் திறந்தா கண்ணு கூசும் உனக்கு.

... என்ன, 'நல்லது'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டே? இதுக்கா நான் குளிக்காம உக்காந்திருந்தேன்?

சரி, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. உண்மையான வேலையே ஓரத்துலதான். அந்த முண்டு இருந்துச்சே... ஓரத்துல சின்னச் சின்னதா காய்ஞ்ச பசை... ஆமா, அதான், அதேதான். ஒரு வருஷமா என் கட்டைவிரலை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்காகத்தானே பெட்டியையே உன்கிட்ட கேட்டேன். ... ஆமா, எடுத்துட்டேன். ... எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்! பல்குச்சியை வச்சு, கடையில இருக்குற பூதக்கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிட்டு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடினேன், ஒண்ணு விடல. முந்நூத்தி நாப்பது பொட்டு. ... ஆமா, எண்ணினேன். எண்ணாம விடுவேனா? வெள்ளையில ஒண்ணுமில்ல. சிவப்புல ஒண்ணு ஒண்ணு. நீலத்துல ரெண்டு ரெண்டு. கருப்புல மூணு மூணு. பசையைச் சிந்தினவன் யாரா இருந்தாலும் ரொம்ப ஒழுங்கானவன்னு தனியா உக்காந்து சிரிச்சேன்.

...

ஹலோ? ... அண்ணா? லைன்ல இருக்கியா?

... ம். ... நான்தான் எடுத்தேன். ... ஆமா, நானேதான். என்ன, 'நீயேவா, நீயேவா'ன்னு திரும்பத் திரும்பக் கேக்குறே? வேற யாரு எடுப்பா, முதலாளியா?

... ஏன் கத்துறே? ... அண்ணா, பசை அண்ணா. காய்ஞ்சு போன பசை. ... யாரைக் கேட்டு எடுத்தேனா? பசைக்கு யாரைக் கேக்கணும்? ... சரி... சரி... சரி, கேக்கல. ஆமா. என் தப்புதான். ஒத்துக்கிறேன். எதுக்கு ஒத்துக்கிறேன்னுதான் தெரியல.

... நாலு மணிக்கு எப்படி ஆடுவியா? எப்பவும் ஆடுற மாதிரிதான். நாம என்ன காசு வச்சா ஆடுறோம்? தோத்தவன் பாத்திரம் கழுவப்போறான். சிவப்பு பத்து, நீலம் அம்பது, கருப்பு நூறு. கலரைப் பாத்து எடுத்து வை, முடிஞ்சுது. நான்தான் சொல்றேனே, ஒவ்வொரு கலரும் அப்படியே பளிச்சுன்னு...

... பளிச்சுன்னு...

அண்ணா.

... கலரைப் பாத்து எடுன்னா ஏன் பேச மாட்டேங்கிறே?

...

அண்ணா, சிவப்புக்கும் கருப்புக்கும்... உனக்கு வித்தியாசம் தெரியுதா?

...

ம்.

... ம். ... எவ்வளவு நாளா? ... ரெண்டு வருஷமா!

... இரு, ஒரு நிமிஷம். ... நீ கொஞ்சம் உள்ள போறியா? ... ஒண்ணுமில்ல. துண்டெல்லாம் நானே எடுத்துடறேன், போ. கதவைச் சாத்திட்டுப் போ. ... ம், சொல்லு. யாருமில்ல இங்க.

ரெண்டு கண்ணுமா? ... முதல்ல இடது, அப்புறம் வலது. ... நேராப் பாத்தா நடுவுல மறைக்குது, ஓரமாப் பாத்தா தெரியுது. ... ம். புகை மாதிரி. ... கலரெல்லாம் ஒரே மாதிரி, இருட்டா. ... ம். ... ம்.

அதான் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு சீட்டைப் பாத்தியா. ... அண்ணா, நான் அதுக்குக் கோழின்னு பேர் வச்சேன். ஆட்டத்துக்கு ஆட்டம், 'கோழி பாக்குது, கோழி இப்போ கொத்தும்'னு... எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்சே. ஏன் சிரிச்சே? பளார்னு ஒண்ணு விட்டிருக்கலாமில்ல? ... நல்லா இருந்துச்சா? என்ன நல்லா இருந்துச்சு? ... கிண்டல் பண்றவரைக்கும் யாருக்கும் தெரியலன்னு அர்த்தமா? ... அப்படி ஒரு கணக்கா.

அப்போ காரை வித்தது? ... நிறுத்த இடம் இல்லன்னு சொன்னே. ... ம். வேலையை விட்டது? முழங்கால் வலின்னியே! ... வீடு கட்ட பிளான் வரையிற வேலைக்கு முழங்கால் எதுக்கு அண்ணா? நாள் முழுக்க ஸ்டூல்ல உக்காந்து கோடு இழுக்குற வேலை! நானும் அதைக் கேட்டுட்டு, ஒரு கேள்வி கேக்காம, கடை கடையா ஏறி முழங்காலுக்குப் பட்டை வாங்கிட்டு வந்து குடுத்தேன். ரெண்டு காலுக்கும். ... போட்டுக்கிட்டியா? எதுக்குடா... எதுக்கு அண்ணா போட்டுக்கிட்டே? ... நான் சந்தேகப்படக் கூடாதுன்னா? நானா? நான் சந்தேகப்பட்டிருந்தாத்தான் உலகம் உருப்பட்டிருக்குமே!

... இல்ல, விடு, நான் சொல்றேன். நான் என்ன வேலை பாக்குறேன்? ... சொல்லு, என் வாயால சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. பதினாறு வருஷமா கண்ணாடிக் கடை. வர்றவன் போறவனையெல்லாம் நாற்காலியில உக்கார வச்சு, 'மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா, இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா'ன்னு உசுரை வாங்குறவன். அப்படிப்பட்டவன் எதிர்ல நீ மாசாமாசம் நாலு மணி நேரம் உக்காந்திருந்திருக்கே. எனக்கு என்ன தெரிஞ்சுது? காயின் ஓரத்துல இருந்த அழுக்கு தெரிஞ்சுது. அதுவும் அழுக்கு இல்ல.

... ஆமா, அதான் கடைப்பக்கமே வரலையா நீ. 'வா, சும்மாவே புதுக் கண்ணாடி போட்டுத் தர்றேன்'னு எத்தனை தடவை கூப்பிட்டேன். பழசே போதும், பழசே போதும்னே. நானும் இவளோட சொல்லிக்கிட்டிருந்தேன், அண்ணன் எவ்வளவு சிக்கனம் பாரு, எவ்வளவு எளிமை பாருன்னு. ... சிரிப்பு வருதா? எனக்கும்தான் வருது. என்ன பண்ண.

டாக்டரைப் பாத்தியா? ... ஒரு தடவைகூடவா? ... ம். ... ம். பயமா இருந்துச்சு. ... இல்ல அண்ணா, திட்டல. நான் யாரு திட்ட.

நாளைக்குக் காலையில போறோம். ... நாளைக்குத்தான். நான் கடைக்கு லீவு சொல்லிடறேன். ... கல்யாணம் முடியட்டும்னு சொல்லாதே. கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கு, அதுக்குள்ள உன் கண்ணு என்ன உன் சொல் பேச்சைக் கேக்கப்போகுதா? ... உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இது கண்ணாடியால சரியாகுற விஷயமா எனக்குத் தெரியல. நான் கடைக்காரன், டாக்டர் இல்ல. ஆனா இன்னும் மிச்சம் இருக்குறதைப் பிடிச்சு வைக்க ஏதாவது வழி இருந்தா, அதுக்கு நாளைக்கே போகணும். உன் பொண்ணு அந்தப் பந்தல்ல நிக்கும்போது... நீ பாக்கணுமா வேணாமா? ... அவ்வளவுதான் நான் கேக்குறது. ... ம். ஏழு மணிக்கு வர்றேன். ... சரின்னு வாயைத் திறந்து சொல்லு. ... ம்.

இப்போ நாலு மணி விஷயம். ... தெரியும், சம்பந்திக்குத் தெரியக் கூடாது. ... அவர் அப்படி நினைக்க மாட்டாரு... சரி, சரி, நினைச்சுட்டா? ஆமா. நீயா சொல்ற வரைக்கும் தெரிய வேணாம். எனக்கு ஒரு யோசனை. காயின் வைக்கிறவங்க எல்லாரும் எவ்வளவுன்னு வாய்விட்டுச் சத்தமாச் சொல்லணும். புது விதி. ... ஏன்னு கேட்டா நான் போட்ட விதின்னு சொல்லு. 'என் தம்பி ஒரு மாதிரி, களிமண் காயினுக்கு மலச்சிக்கல் மருந்து தேய்ச்சுக் குளிப்பாட்டுற ஆளு, அவன் போக்குல விட்டுடுங்க'ன்னு சொல்லு. அவர் நம்பிடுவாரு. என்னை ஒரு தடவை பாத்தவங்க எதையும் நம்புவாங்க. ... ஆமா, எனக்கு இருக்குற பேரு இன்னைக்காவது யாருக்காவது உபயோகப்படட்டும்.

உன் காயினை நானே அடுக்கி வைக்கிறேன். வெள்ளை இடது கோடி, அப்புறம் சிவப்பு, நீலம், கருப்பு வலது கோடி. உன் பக்கத்துலயே உக்கார்றேன். வரிசை மாறினா என் கையை ஒடி. ... இந்த மாசம் அப்படிச் சமாளிப்போம். அடுத்த மாசத்துக்குள்ள பொட்டைத் திரும்ப வச்சுடலாம். சுரண்டினவனே வைக்கட்டும், எனக்கு எண்ணிக்கை மனப்பாடம். நீ எந்தப் பசையை வச்சே?

... ம்? ... நீ வைக்கலையா?

... அப்போ யாரு வச்சது? ... என்ன?

... நானா?

... நான் வச்சேன்னா நினைச்சே? ஒரு வருஷமா?

...

அண்ணா... இரு. இரு. ஒரு நாள் ஆடும்போது விரல்ல தட்டுப்பட்டுச்சு, தடவிப் பாத்தே, கலருக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ... 'தம்பி கண்ணாடிக் கடைக்காரனாச்சே, கண்டுபிடிச்சுட்டான், ஆனா வெளியில சொல்லாம எனக்கு ஒரு வழி பண்ணி வச்சிருக்கான்'னு... ம். ... ம். அதனாலதான் நான் பெட்டியைக் கேட்டதும் தூக்கிக் குடுத்துட்டியா? ... தேய்ஞ்சு போன பொட்டையெல்லாம் புதுசா வச்சுத் தரப்போறேன்னு நினைச்சு.

... ஆமான்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் ஆசையா இருக்கு அண்ணா. அவ்வளவு நல்ல ஆளா நான் இருந்திருக்கேன், உன் மனசுல, ஒரு வருஷம். எனக்கே தெரியாம. ... இல்ல. நான் இல்ல. எனக்கு அவ்வளவு மனசும் கிடையாது, அவ்வளவு மூளையும் கிடையாது. வச்ச கை வேற. நான் சுரண்டின கை.

... அழாதே. ... நான் அழல, மூக்கு அடைக்குது.

... யோசி. உன் பொண்ணு வெளியூர்ல வேலை. வீட்டுல இருக்குறது ரெண்டே பேரு. ... அந்தப் பசை காய்ஞ்சு கண்ணாடி மாதிரி இருந்துச்சு அண்ணா, குச்சியால நெம்பினா ரப்பர் மாதிரி இழுபட்டுக்கிட்டு வந்துச்சு. துணியில கல்லும் மணியும் ஒட்டுறதுக்கு ஒரு ட்யூப் வச்சிருப்பாங்களே... தையல் ரூம்ல... ஆமா. ஆமா, அதான்.

பெரிய பெரிய எழுத்துல இருக்குற சீட்டுக்கட்டை வாங்கினது யாரு? ... நான், 'இது என்ன, குழந்தைங்க விளையாடுற சீட்டா'ன்னு கேட்டேன். 'மலிவாக் கிடைச்சுது'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ... அடுப்புத் திருகுலயும் ஒரு பொட்டு இருக்கா? ... அது ஏதோ சிந்தினதுன்னு நினைச்சியா? என்னை மாதிரியே நினைச்சிருக்கே! ஒரே ரத்தம்னா சும்மாவா?

... காலையில பெட்டியைக் குடுக்கும்போது நான் அண்ணிகிட்டயும் பீத்திக்கிட்டேன். மூடியைத் திறந்து காட்டினேன். அவங்க ஒரு கருப்புக் காயினை எடுத்து, கட்டைவிரலை ஓரத்துல ஓட்டிச் சுத்திப் பாத்தாங்க. அப்புறம் ஒரு நீலம். அப்புறம் ஒரு சிவப்பு. முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அசந்துபோயிட்டாங்கன்னு நினைச்சேன் அண்ணா! 'எவ்வளவு வழவழன்னு இருக்கு பாத்தீங்களா அண்ணி'ன்னு வேற கேட்டேன். 'நல்லா வந்திருக்கு தம்பி'ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டல. ஒரு வார்த்தை திட்டல. திட்டினா எதுக்குத் திட்டுறாங்கன்னு சொல்லணுமே, அதான்.

... இப்போ உள்ளதான் இருக்காங்களா? இன்னும் கதவு சாத்தித்தான் இருக்கா? ... எட்டு மணியிலேருந்தா?

அண்ணா, அவங்க பெட்டிக்குத் துணி தைக்கல. பொட்டு வைக்கிறாங்க. நாலு மணிக்குள்ள.

... ஐயையோ. ஒட்டாது அண்ணா! எண்ணெய்! ஓரம் முழுக்க நான்தான் எண்ணெய் பூசி வச்சிருக்கேன், பசை எப்படிப் பிடிக்கும்? வைக்க வைக்க வழுக்கிக்கிட்டு வந்துடும். மூணு மணி நேரமா அங்க தனியா உக்காந்துக்கிட்டு, வச்சு, விழுந்து, திரும்ப வச்சு... கடவுளே.

எழுந்திரு. போ. போய் கதவைத் தட்டு. ... என்ன சொல்றதுன்னா? 'எண்ணெய் இருக்கு, ஒட்டாது, முதல்ல சோப்புத் தண்ணியில ஓரத்தைக் கழுவணும்'னு சொல்லு. ... ஆமா. அதைச் சொன்னா உனக்கு விஷயம் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அவங்களுக்கு உன் விஷயம் தெரியும்னு உனக்குத் தெரியும்னு... ஆமாண்ணா, தெரியட்டுமே! ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே மேசையில சாப்பிட்டுக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி ஒரு வருஷம்... எப்படித்தான் முடிஞ்சுதோ. எங்க வீட்டுல ஒரு காயின் டீயில விழுந்ததுக்கே நாலு நாளா சண்டை.

... நான் சொல்ல மாட்டேன். போனை அண்ணிகிட்ட குடுக்காதே. குடுத்தா வச்சுடுவேன். ... உனக்குப் பயமா இருந்தா இருக்கட்டும். அவங்களுக்கும்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொண்ணா உக்காந்து வச்சிருக்காங்களே. முந்நூத்தி நாப்பது. அதை எடுக்க எனக்கு ஆறு நாள் ஆச்சு. வைக்க அவங்களுக்கு எத்தனை நாள் ஆச்சோ, நீ வெளியில போற நேரமாப் பாத்து.

... ம். ... ம். எழுந்துட்டியா?

நான் பிரஷ்ஷோட ஒரு மணிக்கு வர்றேன். வெள்ளையை விட்டுட்டா இருநூறுதான், மூணு பேரு உக்காந்தா முடிஞ்சிடும். ... இல்ல, இப்பவே வரமாட்டேன். ஒரு மணிக்குத்தான்.

... போ. போனை மேசை மேல வச்சிட்டுப் போ. ... நான் இருக்கேன், போ.

...

தட்டுறாரு.

...

இன்னொரு தடவை தட்டு அண்ணா.

...

திறந்துட்டாங்க.

... என்ன அது, உருளுது... காயின்தான். தரையெல்லாம் உருளுது.

...

ஒவ்வொண்ணாப் பொறுக்குற சத்தம் கேக்குது.

...

... அண்ணி கேக்குறாங்க, என்னமோ... ம்... அண்ணன் பதில் சொல்றாரு...

போதும்டா. இதைக் கேக்க நீ யாரு? வை போனை.